பெயர்வரி அழியாதிருக்கட்டும்: கணினி நிரலில் முதல்நூலும் வழிநூலும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கேட்பதற்குச் சற்றுப் புதிதாக இருக்கும். ஒருவர் எழுதிய கணினி நிரலை மற்றொருவர் எடுத்துத் திருத்தி வெளியிடுகிறார். அப்பொழுது முதலில் எழுதியவரின் பெயருக்கும், அவர் விதித்த நிபந்தனைக்கும் என்ன மதிப்புத் தரவேண்டும்? இதுவே நம் கேள்வி.

"கணினிக்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று பெரியவர்கள் கேட்கலாம். பண்டார் தெங்காராவைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று இடைநிலைப் பள்ளிகளில் கணினி நிரல் எழுதக் கற்கிறார்கள். கைத்தொலைபேசியில் நாம் படிக்கும் தமிழ் எழுத்துகளும், நாம் பயன்படுத்தும் பல செயலிகளும், யாரோ ஒருவர் எழுதிக் கொடுத்ததை இன்னொருவர் திருத்தி, அதை வேறொருவர் வளர்த்து உருவானவையே. நாளை நம் பிள்ளைகளும் அவ்வாறே பிறர் எழுதியதை எடுத்துத் திருத்துவார்கள். அவர்கள் எழுதியதையும் பிறர் எடுத்துத் திருத்துவார்கள். ஆகவே இந்த முறைமையைப் பிள்ளைகளும் பெற்றோரும் அறிந்திருப்பது நல்லது.

மூல நிரல் என்பது என்ன?

கணினி ஒரு வேலையைச் செய்வதற்கு மனிதர் எழுதித் தரும் கட்டளைகளின் தொகுப்பே நிரல். மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக் கூடிய வடிவில் அது இருக்கும்பொழுது மூல நிரல் எனப்படுகிறது. சமைத்த குழம்பை நாம் உண்ணலாம். ஆனால் அதில் என்னென்ன சேர்ந்தன, எந்த அளவில் சேர்ந்தன என்பதைக் குழம்பைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது. செய்முறைக் குறிப்பு கையில் இருந்தால், உப்பைக் குறைக்கலாம், புளியைக் கூட்டலாம். மூல நிரல் அந்தச் செய்முறைக் குறிப்பைப் போன்றது. அதை மறைக்காமல் எல்லாருக்கும் கொடுத்து, "படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம்" என்று எழுத்தில் அனுமதி தருவதைத் திறந்த மூலம் என்கிறோம். அந்த எழுத்து அனுமதிக்கு உரிமம் என்று பெயர். அப்படி ஒருவர் கொடுத்ததை எடுத்து, அதிலிருந்து தனியாக ஒரு புதுப் பாதையில் வளர்ப்பதைக் கிளை பிரித்தல் என்று கூறலாம்.

கிளை பிரித்தல் தோட்டத்து மக்களுக்குப் புதிதன்று. ரப்பர் மரத்தில் மொட்டு ஒட்டும் வேலையை நம் மூத்தவர்கள் நன்கு அறிவார்கள். ஒரு நாற்றின் வேர்மீது, நல்ல பால் தரும் வேறொரு மரத்தின் மொட்டை வைத்துக் கட்டுவார்கள். 1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆய்வுக் கழகம் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற இனம் பல நாடுகளுக்குப் பரவியது. எத்தனை நாட்டில் நட்டாலும் அதன் பெயரிலே ஆய்வுக் கழகத்தின் பெயர் இருக்கிறது. அதன் பெற்றோர் ஜிர் 1 என்ற சாவக இனமும் பி.பி. 86 என்ற மலாயா இனமும் என்று ஏட்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏன் எழுதினார்கள்? ஒரு மரத்துக்கு நோய் வந்தால் அதன் தாய்மரம் எது என்று தெரிய வேண்டும். ஒரு மரம் நன்றாகப் பால் கொடுத்தால் அந்தப் பெருமை யாருக்கு என்றும் தெரிய வேண்டும். பெயரைக் காப்பதில் நன்றியும் இருக்கிறது, பயனும் இருக்கிறது.

தமிழ் மரபில் முதலும் வழியும்

நம் இலக்கண நூலார் இந்த முறைமையை வெகு காலத்துக்கு முன்பே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். தொல்காப்பியத்தின் மரபியல் நூல்களை முதல்நூல், வழிநூல் என்று பிரிக்கிறது. முன்னவர் செய்ததைப் பின்பற்றிப் பின்னவர் செய்வது வழிநூல். விரிந்ததைத் தொகுத்தல், சுருங்கியதை விரித்தல், இரண்டையும் கலந்து செய்தல், வேறு மொழியிலிருந்து பெயர்த்தல் என வழிநூல் நான்கு வகைப்படும் என்றும் அது சொல்கிறது. இன்று ஒரு நிரலை எடுத்துச் சுருக்குபவரும், புதிய வசதி சேர்ப்பவரும், தமிழில் பெயர்ப்பவரும் இந்த நான்கினுள் அடங்கிவிடுவதைக் காணலாம்.

பிற்காலத்தில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இன்னும் ஒரு படி மேலே சென்றது. ஒரு நூலின் முகப்பில் அமையும் சிறப்புப் பாயிரத்தில் நூல் செய்தவர் பெயரும், அந்நூல் எந்த நூலின் வழியாக வந்தது என்பதும் கூறப்பட வேண்டும் என்று அது விதித்தது. வழிநூல் செய்பவர் முன்னோரின் கருத்தை மட்டுமின்றி, அவர்களது சொற்களையும் ஆங்காங்கே அப்படியே எடுத்துப் போற்றலாம் என்றும் கூறியது. பின்னவர் திருத்துவதையும் புதியது சேர்ப்பதையும் நம் மரபு குற்றமாக எண்ணவில்லை. எந்த வழியில் வந்தது என்பதைச் சொல்லிவிட்டுச் செய் என்றுதான் பணித்தது.

அச்சுக் காலத்திலும் இந்த நேர்மை தொடர்ந்தது. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர், தமக்கு ஏட்டுச் சுவடி கொடுத்து உதவியவர்களைத் தம் பதிப்புகளின் முகவுரையில் நன்றியோடு குறித்தார். பல சுவடிகளை ஒப்பிட்டுத் திருத்தியவர் அவர்தாம். ஆயினும் ஓலையைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வைத்திருந்த குடும்பத்தாரை அவர் மறக்கவில்லை.

அறிவிப்பு வரியின் பிறப்பு

இனி மேலைநாட்டுச் சட்டத்தின் பக்கம் திரும்புவோம். ஒருவர் எழுதியதை அவர் அனுமதியின்றிப் படியெடுத்து வெளியிடக் கூடாது என்பதே பதிப்புரிமையின் அடிப்படை. புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வட்டத்துக்குள் ஆங்கிலச் 'சி' எழுத்தும், அதனருகே ஆண்டும் பெயரும் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுதான் பதிப்புரிமை அறிவிப்பு. அமெரிக்காவில் 1989 மார்ச் முதல் நாளுக்கு முன்புவரை, வெளியிடப்படும் நூலில் இந்த வரி இருப்பது சட்டத்தின் தேவையாக இருந்தது. வரி இல்லாமல் வெளியிட்டவர் தம் உரிமையையே இழக்க நேரிடலாம்.

இன்று அந்த நிலை மாறிவிட்டது. 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில், எழுதி முடித்த அளவிலேயே எழுதியவருக்கு உரிமை பிறந்துவிடுகிறது. மலேசியா அந்த உடன்படிக்கையில் 1990இல் சேர்ந்தது. நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலையும் இலக்கியப் படைப்புகளோடு சேர்த்துப் பாதுகாக்கிறது. ஒருவர் படைப்பை அவர் பெயரைச் சொல்லாமலோ, வேறொருவர் பெயரிலோ முன்வைக்கக் கூடாது என்ற உரிமையையும் அது படைத்தவருக்கு அளிக்கிறது. ஆகவே அறிவிப்பு வரி இல்லை என்பதற்காக ஒரு நிரலை உரிமையற்ற பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. இதை இளைஞர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். வலைத்தளத்தில் யாரும் பார்க்கும்படி கிடக்கிறது என்பது ஒன்று. எடுத்துப் பயன்படுத்த அனுமதி உண்டு என்பது முற்றிலும் வேறொன்று.

பெர்க்கிலி வழக்கு

பெயர்வரியைப் பற்றிய மிகப் பெரிய வழக்கு ஒன்றை இங்கே விரிவாகக் காண்போம்.

1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிசு ரிச்சி முதலியோர் யூனிக்ஸ் என்ற இயக்கு நிரலை உருவாக்கினர். அந்த ஆய்வுக்கூடம் ஏ.டி. அண்டு டி. என்ற தொலைபேசி நிறுவனத்தைச் சேர்ந்தது. யூனிக்ஸின் மூல நிரல் பல்கலைக்கழகங்களுக்கும் கிடைத்தது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் இருந்தவர்கள் 1970களின் பிற்பகுதியிலிருந்து அதைத் திருத்தியும் விரித்தும் தங்கள் பதிப்புகளை வெளியிட்டார்கள். கணினிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் வலையமைப்பு நிரலும் அவர்கள் சேர்த்தவற்றுள் ஒன்று.

1989இல் பெர்க்கிலியினர் தாங்களே எழுதிய வலையமைப்பு நிரல்களை மட்டும் தனியே பிரித்து எல்லாருக்கும் வழங்கினார்கள். உரிமம் மிக எளியது. எடுக்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். மூல நிரலைத் திறந்து காட்ட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவர்கள் கேட்டது, தங்கள் பதிப்புரிமை வரியையும் நிபந்தனைகளையும் அப்படியே விட்டு வைக்க வேண்டும், பெர்க்கிலியிலிருந்து பெற்றது என்பதைச் சொல்ல வேண்டும் என்பதே. அவற்றோடு, "இதனால் நட்டம் ஏற்பட்டால் நாங்கள் பொறுப்பல்ல" என்ற வாசகமும் இருந்தது. இலவசமாகக் கொடுத்தவர்மேல் பின்னர் யாரும் வழக்குத் தொடுக்காதபடி காப்பது அந்த வாசகம். எனவே அறிவிப்பை வெட்டி எறிபவர் கொடுத்தவரின் பெயரோடு அவருடைய பாதுகாப்பையும் சேர்த்து வெட்டுகிறார்.

1991இல் பெர்க்கிலியினர் இன்னும் பெரிய தொகுப்பை வெளியிட்டார்கள். அதைக் கொண்டு ஒரு புதிய நிறுவனம் வணிகம் தொடங்கியது. ஏ.டி. அண்டு டி.யின் துணை நிறுவனமான யூனிக்ஸ் சிஸ்டம் லேபரட்டரீஸ் 1992இல் வழக்குத் தொடுத்தது. "எங்கள் நிரல் அதனுள் இருக்கிறது" என்பது அதன் வாதம். பல்கலைக்கழகமும் வழக்கில் இழுக்கப்பட்டது.

இங்கேதான் கதை திரும்புகிறது. ஏ.டி. அண்டு டி. நிறுவனம் தன் பழைய யூனிக்ஸ் பதிப்பு ஒன்றைப் பதிப்புரிமை வரி இல்லாமலே பலருக்கும் கொடுத்திருந்தது. அந்தக் காலத்துச் சட்டப்படி அதன் உரிமை நிலைக்குமா என்பது ஐயத்துக்கு இடமாயிற்று. 1993 மார்ச்சில் நீதிபதி, நிறுவனம் கேட்ட தடையாணையைத் தர மறுத்தார். வரியை எழுத மறந்தது, வழக்கு மன்றத்தில் அந்த நிறுவனத்துக்கு எதிராக வந்து நின்றது.

அது மட்டுமா? பல்கலைக்கழகம் ஓர் எதிர்வழக்கும் தொடுத்தது. அந்த நிறுவனம் விற்றுவந்த யூனிக்ஸ் பதிப்பினுள் பெர்க்கிலியின் நிரல்கள் இருந்தன, ஆனால் உரிமம் கேட்டபடி பெர்க்கிலிக்கு உரிய நன்றிக் குறிப்பு இல்லை என்பது அதன் முறையீடு. பல்கலைக்கழகம் என்ன கேட்டது தெரியுமா? நிறுவனத்தின் கையேடுகளையெல்லாம் உரிய நன்றிக் குறிப்புடன் மீண்டும் அச்சிட வேண்டும். அந்நிரலைப் பெற்ற அனைவருக்கும் அறிவிக்க வேண்டும். பெரிய வணிக ஏடுகளில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துத் தவறை உலகுக்குச் சொல்ல வேண்டும். கேட்டதில் பெரும்பகுதி பெயரைப் பற்றியதாகவே இருந்தது.

பின்னர் யூனிக்ஸ் உரிமைகளை நோவெல் நிறுவனம் வாங்கியது. 1994 தொடக்கத்தில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. பெர்க்கிலித் தொகுப்பில் இருந்த ஏறத்தாழ 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியவை 3 மட்டுமே. சிலவற்றில் சிறு திருத்தங்கள் செய்யப்பட்டன. ஏறத்தாழ 70 கோப்புகளில் யூனிக்ஸ் நிறுவனத்தின் பதிப்புரிமை வரியைச் சேர்க்கப் பல்கலைக்கழகம் ஒப்புக்கொண்டது. ஆயினும் அந்த 70 கோப்புகளும் முன்போலவே எல்லாரும் எடுத்து வழங்கக் கூடியவையாக நீடித்தன. இரண்டு ஆண்டு வழக்கில் ஒரு பெரும் பகுதி, யார் யாருடைய பெயர் எந்தக் கோப்பின் தலையில் இருக்க வேண்டும் என்ற கணக்காகவே முடிந்தது. முதலிலேயே ஒழுங்காக எழுதி வைத்திருந்தால் இவ்வளவு செலவும் காலமும் போயிருக்க வேண்டியதில்லை.

இதில் மறுபக்கமும் ஒன்று உண்டு. பெர்க்கிலியின் பழைய உரிமத்தில், விளம்பரம் செய்யும்பொழுதும் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அதைப் பார்த்த மற்றவர்களும் தத்தம் பெயரைப் போட்டு அதே விதியை எழுதினர். 1997இல் ஒரு தொகுப்பில் இத்தகைய வாசகங்கள் 75 இருந்தன என்று ரிச்சர்டு ஸ்டால்மன் எண்ணிக் காட்டினார். ஒரு விளம்பரத்தில் 75 பெயரை எப்படிச் சொல்வது? 1999இல் பல்கலைக்கழகம் அந்த விளம்பர விதியை நீக்கிவிட்டது. நிரலோடு செல்லும் பெயர்வரி மட்டும் நின்றது. நன்றியைக் கேட்பதிலும் ஓர் அளவு வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

குனு உரிமம்

இப்பொழுது கூறிய ரிச்சர்டு ஸ்டால்மன் வேறொரு வழியைக் கண்டவர். 1983இல் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். எல்லாரும் தாராளமாகப் பயன்படுத்தும் இயக்கு நிரல் ஒன்றை உருவாக்குவதே அதன் நோக்கம். 1989இல் அவர் குனு பொது உரிமத்தின் முதல் பதிப்பை வெளியிட்டார். இரண்டாம் பதிப்பு 1991இலும், மூன்றாம் பதிப்பு 2007இலும் வந்தன.

பெர்க்கிலி உரிமம் பெயரைக் காக்கச் சொன்னது. குனு உரிமம் அதனோடு மேலும் இரண்டு கேட்டது. முதலாவது, நிரலைத் திருத்தியவர் தாம் திருத்தியதையும் திருத்திய நாளையும் குறிக்க வேண்டும். இரண்டாவது, திருத்திய நிரலைப் பிறருக்கு வழங்கினால் அதன் மூல நிரலும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும், அதே உரிமத்தின்கீழ் கிடைக்க வேண்டும். பொதுக் கிணற்றில் நீர் எடுத்துத் தோண்டி ஆழப்படுத்தியவர், அந்தக் கிணற்றுக்கு வேலி போட்டுவிடக் கூடாது என்பது போன்றது இது. பின்லாந்து மாணவர் லினசு தோர்வால்டுசு 1991இல் தொடங்கிய லினக்ஸ், 1992இல் இந்த உரிமத்தை ஏற்றது. இன்று ஆண்டிராய்டு வகைக் கைத்தொலைபேசிகளின் உள்ளே இயங்குவது அந்த லினக்ஸ்தான்.

திருத்தியவர் தம் திருத்தத்தைக் குறிக்க வேண்டும் என்பது ஏன்? பின்னவர் செய்த பிழைக்கு முன்னவர் பழி சுமக்கக் கூடாது என்பதற்காக. நல்ல நிரல் ஒன்றை வாங்கி ஒருவர் கெடுத்துவிட்டு, பழைய பெயரிலேயே வெளியிட்டால், கெட்ட பெயர் யாருக்கு? பெயர்வரி நன்றியைக் காப்பது போலவே பொறுப்பையும் பிரித்துக் காட்டுகிறது.

பொம்மை இரயில் தந்த தீர்ப்பு

இலவசமாகக் கொடுத்தவருக்கு நீதிமன்றத்தில் என்ன இடம்? பணம் வாங்காதவர் எதை இழந்தார் என்று கேட்டால் என்ன விடை? இந்தக் கேள்விக்கு விடை ஒரு பொம்மை இரயில் வழக்கில் கிடைத்தது.

இராபர்ட்டு ஜேக்கப்சன் பெர்க்கிலியைச் சேர்ந்த இயற்பியலர். சிறு மாதிரி இரயில்களைக் கணினியால் ஓட்டுவதற்கு அவரும் பல தன்னார்வலர்களும் சேர்ந்து ஒரு நிரலை எழுதி இலவசமாக வழங்கினார்கள். அதிலிருந்து சில கோப்புகளை எடுத்து, மாத்யூ காட்சர் என்பவரின் நிறுவனம் தன் விற்பனை நிரலில் சேர்த்தது. சேர்த்தபொழுது எழுதியவர்களின் பெயர்கள் அங்கே இல்லை. பதிப்புரிமை வரி இல்லை. உரிமத்தைச் சுட்டும் குறிப்பு இல்லை. எந்த இடத்தில் என்ன மாற்றப்பட்டது என்ற விளக்கமும் இல்லை.

கீழ்நீதிமன்றம் முதலில், இது ஒப்பந்த மீறலாக இருக்கலாம், பதிப்புரிமை மீறலாகாது என்று கருதி, தடையாணை தர மறுத்தது. ஜேக்கப்சன் மேல்முறையீடு செய்தார். 2008 ஆகஸ்டு 13ஆம் நாள் அமெரிக்காவின் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை மாற்றியது. பெயரைக் காக்க வேண்டும், மாற்றத்தைக் குறிக்க வேண்டும் என்பவை அனுமதிக்கு விதித்த நிபந்தனைகள். அவற்றை மீறினால் அனுமதியே இல்லை. எனவே அது பதிப்புரிமை மீறலாகும் என்பது தீர்ப்பின் சாரம். பணம் கைமாறவில்லை என்பதால் பயன் இல்லை என்று கொள்ள முடியாது, இத்தகைய படைப்பாளிக்குப் புகழும் பிறர் செய்யும் திருத்தங்களும் பயன்களே என்றும் நீதிமன்றம் ஏற்றது. 2010இல் வழக்கு சமரசமாயிற்று. எதிர்த்தரப்பு 1,00,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது.

நேயர்களே, இத்தீர்ப்பின் பொருளைத் தோட்டத்து மக்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. விடியற்காலைப் பெரட்டில் கிராணியின் செக்ரோலில் பெயர் விழாவிட்டால் அன்றைய உழைப்புக்குக் கணக்கில்லை என்பது நம் பெரியவர்கள் கண்ட வாழ்வு. கூலிக்கு உழைத்தவருக்கே பெயர் இவ்வளவு முக்கியம் என்றால், கூலி வாங்காமல் உழைத்தவருக்குப் பெயரைத் தவிர வேறு என்ன இருக்கிறது? காட்டை வெட்டி, கன்று நட்டு, சாலை போட்டவர்களில் எத்தனை பேரின் பெயர் இன்று எந்த ஏட்டில் இருக்கிறது? அதன் வலியை அறிந்த நாம், பிறர் உழைப்பின் தலையில் எழுதிய பெயரை அழிப்பவர்களாக இருக்கலாகாது.

தமிழுக்குக் கிடைத்த கொடைகள்

இனி நம் மொழிக்கு வருவோம். 1998 பொங்கல் நாளன்று மதுரைத் திட்டம் என்ற தன்னார்வ முயற்சி தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் அதை ஒருங்கிணைத்தார். உலகின் பல மூலைகளில் இருந்த தமிழர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, கணினிக் கோப்புகளாக எல்லாருக்கும் இலவசமாக வழங்கினர். ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் தட்டச்சு செய்தவர் யார், மெய்ப்புப் பார்த்தவர் யார் என்று எழுதினார்கள். அங்கே அவர்கள் விதித்த நிபந்தனை ஒன்றுதான்: இக்கோப்பைத் தாராளமாகப் பிறருக்குக் கொடுக்கலாம், ஆனால் முகப்புப் பக்கத்தை அப்படியே வைத்திருக்க வேண்டும். அவை நிரல்கள் அல்ல, நூல்கள். ஆயினும் பெர்க்கிலியார் கேட்டதையேதான் அவர்களும் கேட்டார்கள். நள்ளிரவு வரை கண்விழித்துத் தட்டச்சு செய்தவருக்கு அந்த ஒரு வரியே பரிசு.

கணினி எழுத்துருவிலும் இதே முறைமை உண்டு. எழுத்துருக்களுக்கென்று எசு.ஐ.எல். நிறுவனம் 2005இல் ஒரு திறந்த உரிமத்தை வெளியிட்டது. எழுத்துருவை எடுத்து மாற்றலாம், பிறருக்குத் தரலாம். பதிப்புரிமை வரியும் உரிமமும் கூடவே செல்ல வேண்டும். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. முதலில் செய்தவர் ஒரு பெயரைத் தமக்கென ஒதுக்கி வைத்திருந்தால், மாற்றியவர் வேறு பெயர் சூட்ட வேண்டும்.

இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீசு வடிவமைத்த பவனம் என்ற தமிழ் எழுத்துரு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதிலுள்ள தமிழ் எழுத்துகள் அவர் வரைந்தவை. அதனோடு சேர்ந்திருக்கும் ஆங்கில எழுத்துகள் வெர்னன் ஆடம்சு என்பவரின் பொந்தானோ சான்சு எழுத்துருவிலிருந்து வந்தவை. புதிய எழுத்துருவுக்குப் புதிய பெயர் சூட்டப்பட்டது. ஆங்கில எழுத்துகளை வரைந்தவரின் பெயர் மறைக்கப்படவில்லை. வெர்னன் ஆடம்சு 2016இல் மறைந்துவிட்டார். அவர் தமிழர் அல்லர். ஆயினும் தமிழ் எழுத்துரு ஒன்றின் வரலாற்றில் அவர் பெயர் இன்றும் இருக்கிறது. ஒரே ஒரு வரியைக் காத்ததால் வந்த சிறப்பு அது.

நம் பிள்ளைகள் செய்ய வேண்டியவை

இவ்வளவும் கேட்ட பின், பிறர் நிரலை எடுத்துத் திருத்த விரும்பும் மாணவர் என்ன செய்ய வேண்டும் என்று சுருங்கச் சொல்வோம்.

முதலாவது, உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அது தனிக் கோப்பாக இருக்கும். சில வேளை ஒவ்வொரு கோப்பின் தலையிலும் இருக்கும். உரிமமே இல்லையென்றால் அனுமதி இல்லை என்று கொள்ளுங்கள். எழுதியவரிடம் கேளுங்கள். அவர் தரும் விடையை எழுத்தில் பெறுங்கள். வாய்ச்சொல் பின்னாளில் வழக்காகும்.

இரண்டாவது, பழைய பதிப்புரிமை வரியைத் தொடாதீர்கள். அதில் 2011 என்று ஆண்டு இருந்தால், அதை இந்த ஆண்டாக மாற்றாதீர்கள். அது அவர் எழுதிய ஆண்டு. உங்கள் ஆண்டன்று.

மூன்றாவது, நீங்கள் குறிப்பிடத்தக்க அளவு எழுதிச் சேர்த்திருந்தால், பழைய வரியின் கீழே உங்கள் பெயரையும் ஆண்டையும் தனி வரியாக எழுதுங்கள். ஒரு கமாவையும் ஓர் இடைவெளியையும் திருத்திவிட்டுப் பெயர் போட்டுக்கொள்வது அழகன்று. உங்கள் உரிமை நீங்கள் சேர்த்த பகுதிக்கு மட்டுமே. முழுவதும் உங்களுடையதாகிவிடாது.

நான்காவது, என்ன மாற்றினீர்கள், எந்நாளில் மாற்றினீர்கள் என்று குறித்து வையுங்கள். குனு உரிமம் இதைக் கட்டாயமாகவே கேட்கிறது. 2004இல் வந்த அப்பாச்சி உரிமத்தின் இரண்டாம் பதிப்பும் மாற்றிய கோப்புகளில் மாற்றியதைக் குறிக்கச் சொல்கிறது. அதனோடு அறிவிப்புக் கோப்பு ஒன்று வந்திருந்தால், அதிலுள்ள நன்றிக் குறிப்புகளையும் உடன் அனுப்பச் சொல்கிறது.

ஐந்தாவது, பிறர் எழுதிய பகுதியின் உரிமத்தை உங்கள் விருப்பப்படி மாற்றாதீர்கள். அவர் கொடுத்த நிபந்தனையை மாற்றும் அதிகாரம் அவருக்கே உண்டு. இரண்டு இடங்களிலிருந்து எடுத்துச் சேர்க்கும்பொழுது, இரண்டு உரிமங்களும் ஒத்துப்போகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். ஒத்துப்போகாதவையும் உண்டு. அப்பாச்சி இரண்டாம் பதிப்பும் குனு உரிமத்தின் இரண்டாம் பதிப்பும் ஒன்று சேராதவை என்பது குனு உரிமத்தை வெளியிடும் அறக்கட்டளையின் கருத்து.

ஆறாவது, கிளை பிரிந்து தனியே வளரும் நிரலுக்குத் தனிப்பெயர் சூட்டுங்கள். தந்தையின் பெயர் மகனுக்கு முன்னே நிற்கலாம். ஆனால் மகனே தந்தை என்று சொல்லிக்கொள்ள முடியாது.

பெற்றோர்க்கும் ஒரு சொல். உங்கள் பிள்ளை ஒரு நிரலை எழுதி வெளியிட விரும்பினால், அதன் தலையில் தன் பெயரையும் ஆண்டையும் எழுதி, உரிமம் ஒன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். வேலைக்குச் சேர்ந்த பின் வேலையின் பகுதியாக எழுதுவது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்கு உரியது என்று நம் நாட்டுச் சட்டம் கருதுகிறது. ஓய்வு நேரத்தில் தான் எழுதியது எது, அலுவலகத்துக்கு எழுதியது எது என்று பிரித்து வைத்துக்கொள்வது பிற்காலத்தில் நன்மை தரும்.

பள்ளிகளில் பாடம் சொல்லும் நாங்களும் இதில் பங்கு ஏற்க வேண்டியவர்களே. கட்டுரை எழுதும் மாணவனிடம் "இந்தக் கருத்தை எங்கிருந்து எடுத்தாய்?" என்று கேட்பது போல, நிரல் எழுதும் மாணவனிடமும் கேட்க வேண்டும். குற்றம் பிடிப்பதற்காகக் கேட்க வேண்டியதில்லை. எடுத்ததைச் சொல்லும் பழக்கம் சிறு வயதிலேயே வர வேண்டும் என்பதற்காகக் கேட்க வேண்டும். எடுத்ததைச் சொன்னவனுக்கு மதிப்பெண் குறையாது என்று தெரிந்தால், மறைக்கும் எண்ணம் பிள்ளைகளுக்குத் தோன்றாது.

திறந்த மூலம் என்பது உலகத்தார் சேர்ந்து வைத்த பொதுச் சொத்து. அதில் எடுப்பதற்கு நம் பிள்ளைகளுக்கு முழு உரிமை உண்டு. பணமில்லை என்று யாரும் தடுக்கப் போவதில்லை. கேட்கும் விலை, முன்னே உழைத்தவரின் பெயரை அதன் இடத்திலே விட்டுவைப்பதுதான். அதைக் கொடுத்துவிட்டு, அதன் கீழே தங்கள் பெயரையும் எழுதும் நாள் நம் பிள்ளைகளுக்கு வரட்டும் என்று வாழ்த்தி, இவ்வுரையை நிறைவு செய்கிறோம்.